அணுக்கரு இணைவு: வரவும் செலவும்

பிளத்தல் வேறு, பிணைத்தல் வேறு என்பதைச் சிறு குழந்தையும் அறியும். விறகைப் பிளக்கிறோம், பூவைத் தொடுக்கிறோம். ஆயினும் இவ்விரண்டு செயல்களும் அணுவின் உள்ளே நடைபெறும்போது, கற்றவர்களும் ஒன்றை மற்றொன்றாக எண்ணி மயங்குவதுண்டு. அம்மயக்கத்திற்கு நானும் ஒருமுறை ஆளானேன். மொழிபெயர்ப்பு என் தொழில். பல ஆண்டுகளுக்கு முன்பு விஞ்ஞானக் குறிப்பு ஒன்றைத் தமிழாக்கியபோது, 'அணுக்கரு இணைவு' என்று எழுதவேண்டிய இடத்தில் 'அணுக்கருப் பிளவு' என்று எழுதிவிட்டேன். ஆங்கிலத்தில் அவ்விரு சொற்களும் ஓசையில் உடன்பிறந்தவை போன்றவை. படியைத் திருத்திய முதியவர் சிவப்பு மையால் அச்சொல்லைச் சுழித்து, "கூட்டச் சொன்னால் கழித்திருக்கிறீர்" என்று ஓரத்தில் எழுதியனுப்பினார். தமிழில் பிளவு, இணைவு என்றும், தெலுங்கில் விச்சித்தி, சம்லீனம் என்றும் இரண்டிற்கும் தெளிவான தனிச் சொற்கள் இருக்கின்றன. பிழை முழுவதும் என்னுடையதே. கலைப் பட்டதாரியாகிய நான் அன்று முதல்தான் இப்பொருளை ஊன்றிப் படிக்கத் தொடங்கினேன்.

அப்படிப்பு அண்மையில் ஒருநாள் எனக்குச் சோதனையாக வந்தது. சித்தூரிலிருந்து திருப்பதிக்குப் பேருந்தில் சென்றுகொண்டிருந்தேன். பக்கத்து இருக்கையில் மாந்தோப்பு வைத்திருக்கும் விவசாயி ஒருவர் அமர்ந்திருந்தார். அவர் கையிலிருந்த செய்தித்தாளில், 'செயற்கைச் சூரியன்' என்ற தலைப்பில் ஒரு செய்தி வெளியாகியிருந்தது. "ஐயா, இது வந்துவிட்டால் இரவு பகல் கரண்டு தடையில்லாமல் கிடைக்குமாமே? போர்வெல்லுக்குச் சோலார் மோட்டார் வைக்கலாம் என்றிருக்கிறேன். கையில் இருப்பதைப் போட்டு அதை வைப்பதா, அல்லது இது வரும்வரை பொறுப்பதா?" என்று கேட்டார். நிலத்தடி நீரை நம்பி வாழும் சித்தூர் வட்டாரத்தில் மின்சாரம் என்பது பயிரின் உயிர். ஆகவே அவர் கேட்டது வெறும் வேடிக்கைக் கேள்வியன்று. அவருக்கு அன்று சொன்ன விடையையும், அவ்விடைக்கு ஆதாரமான செய்திகளையும் இங்கே சற்று விரிவாக எடுத்துரைக்க விரும்புகிறேன்.

முதலில் பிளவு, இணைவு இரண்டின் வேறுபாட்டைக் காண்போம். யுரேனியம் போன்ற கனத்த அணுவின் கருவை நியூட்ரான் என்னும் துகள் தாக்கும்போது, அக்கரு இரண்டாக உடைகிறது. உடையும்போது சக்தி வெளிப்படுகிறது. இது பிளவு. கல்பாக்கத்திலும் கூடங்குளத்திலும் மின்சாரம் தருவது இதுவே. இதற்கு நேர்மாறாக, ஹைட்ரஜன் போன்ற மிக இலேசான அணுக்களின் கருக்கள் ஒன்றோடொன்று சேர்ந்து சற்றே கனத்த கருவாகும்போதும் சக்தி வெளிப்படுகிறது. இது இணைவு. சேர்வதற்கு முன்னிருந்த மொத்தப் பொருண்மையைக் காட்டிலும், சேர்ந்தபின் இருக்கும் பொருண்மை சிறிது குறைந்திருக்கும். குறைந்த அந்தச் சிறு பகுதியே சக்தியாக மாறுகிறது. சூரியனும் விண்மீன்களும் ஒளிர்வது இவ்வாறுதான். சூரியனுடைய மையத்தில் ஹைட்ரஜன் இணைந்து ஹீலியமாகிறது. அடுப்பில் விறகு எரிந்து சாம்பலாவது போல, சூரியனாகிய அடுப்பில் ஹைட்ரஜன் எரிந்து மிஞ்சும் சாம்பல் ஹீலியம் எனலாம்.

அந்தச் சாம்பலின் தடயம் மனிதனுக்குத் தென்பட்டதில் ஆந்திர நாட்டுக்கும் ஒரு பங்கு உண்டு. 1868ஆம் ஆண்டு ஆகஸ்டு 18ஆம் நாள் முழுச் சூரிய கிரகணம் நிகழ்ந்தது. அதைக் காண்பதற்காகப் பிரான்சு நாட்டு வானியலறிஞர் ஜான்சென் குண்டூரில் முகாமிட்டிருந்தார். சென்னை வானாராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த போக்சன் மசூலிப்பட்டணத்தில் இருந்தார். சூரியனுடைய விளிம்பில் எழும் சுடர்களின் ஒளியை அவர்கள் நிறம் நிறமாகப் பிரித்துப் பார்த்தனர். அந்த ஒளியிலிருந்த மஞ்சள் கோடு ஒன்று, பூமியில் அன்று அறியப்பட்டிருந்த எந்தத் தனிமத்திற்கும் உரியதன்று என்பதை இங்கிலாந்தில் லாக்கியர் ஆராய்ந்து கூறினார். சூரியனைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து அதற்கு ஹீலியம் என்ற பெயர் அமைந்தது. பூமியிலும் அப்பொருள் உண்டு என்பதை 1895இல் ராம்சே கண்டறிந்தார். ஹைட்ரஜன் ஹீலியமாக மாறுவதே சூரியனுடைய சக்திக்கு மூலமாகலாம் என்று 1920இல் எடிங்டன் எடுத்துக்காட்டினார். அம்மாற்றம் படிப்படியாக எவ்வாறு நிகழ்கிறது என்பதை 1939இல் பெத்தே கணக்கிட்டு விளக்கினார்.

சூரியனில் நடப்பதைப் பூமியில் நடத்த முடியாதா? குண்டு வடிவில் அது முன்னரே நடந்துவிட்டது. 1952இல் அமெரிக்கா வெடித்த ஹைட்ரஜன் குண்டு இணைவின் விளைவே. அழிப்பதற்குப் பயன்பட்ட அந்தச் சக்தியை அடக்கி ஆக்கத்திற்குப் பயன்படுத்த வேண்டும் என்ற ஆசை உலகெங்கும் எழுந்தது. 1955 ஆகஸ்டில் ஜினீவாவில் அணுசக்தியின் அமைதிப் பயன்கள் பற்றிய முதல் சர்வதேச மாநாடு கூடியது. அதற்குத் தலைமை வகித்தவர் நம் நாட்டு ஹோமி பாபா. இணைவுச் சக்தியைக் கட்டுப்பாட்டுடன் வெளிப்படுத்தும் வழி அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் கண்டுபிடிக்கப்படும் என்று அவர் அம்மாநாட்டில் முன்னுரைத்தார். கடல்களில் கன ஹைட்ரஜன் நிறைந்திருப்பதால், அப்போது உலகின் சக்திப் பஞ்சம் தீர்ந்துவிடும் என்பதும் அவருடைய நம்பிக்கை.

பாபா குறித்த கெடு 1975இல் முடிந்தது. அதற்குப் பின்னும் அரை நூற்றாண்டு கடந்துவிட்டது. இணைவுச் சக்தியால் ஒரு வீட்டு விளக்கும் இன்னும் எரியவில்லை. அவ்வளவு பெரிய அறிஞரின் கணக்கு ஏன் தவறியது? அவர் ஆதாரமின்றிப் பேசினார் என்று கூறலாகாது. அணுக்கருப் பிளவு கண்டுபிடிக்கப்பட்டது 1938 டிசம்பரில். நான்கே ஆண்டுகளில், 1942 டிசம்பரில், சிகாகோவில் அணு உலை இயங்கியது. 1954இல் சோவியத் நாட்டின் ஒப்னின்ஸ்க் நகரில் அணு மின்சாரம் கம்பிகளில் ஓடியது. பதினாறு ஆண்டுகளில் பிளவு அவ்வளவு தூரம் வந்திருக்க, இணைவுக்கு இருபது ஆண்டுகள் போதும் என்று எண்ணியது இயற்கையே.

ஆனால் இரண்டு செயல்களுக்கும் அடிப்படையில் ஒரு வேற்றுமை உண்டு. பிளவை உண்டாக்கும் நியூட்ரானுக்கு மின்னேற்றம் இல்லை. ஆகவே அது யுரேனியக் கருவுக்குள் தடையின்றி நுழைகிறது. மேலும், ஒரு கரு பிளந்தவுடன் புதிய நியூட்ரான்கள் புறப்பட்டு அடுத்த கருக்களைப் பிளக்கின்றன. தொடர் தானாகவே நடக்கிறது. இணைவிலோ, சேரவேண்டிய இரண்டு கருக்களும் நேர் மின்னேற்றம் கொண்டவை. அவை ஒன்றையொன்று விலக்கித் தள்ளுகின்றன. அந்த விலக்கத்தை மீறி அவை மோதவேண்டுமானால் மிக வேகமாக ஓடவேண்டும்; வேகம் என்றால் வெப்பம். சூரியனுடைய மையத்தின் வெப்பம் ஏறத்தாழ 1.5 கோடி டிகிரி. சூரியனுக்கோ தன் மாபெரும் எடையால் பொருளை அழுத்திப் பிடித்துவைக்கும் வசதி உண்டு. பூமியில் அது கிடையாது. ஆகவே இங்கே ஏறத்தாழ 15 கோடி டிகிரி வெப்பம் வேண்டியிருக்கிறது. அந்த வெப்பத்தைத் தாங்கும் பாத்திரம் உலகில் எங்கும் இல்லை.

அவ்வளவு வெப்பத்தில் எந்தப் பொருளும் வாயுவாகவும் நில்லாது. அணுக்களிலிருந்து எலெக்ட்ரான்கள் பிரிந்து, மின்னேற்றம் பெற்ற துகள்களின் கூட்டமாகிவிடும். இந்நிலைக்குப் பிளாஸ்மா என்று பெயர். வெப்பம் ஏற ஏற வாயு எவ்வளவு தூரம் இவ்வாறு சிதையும் என்பதைக் கணிக்கும் சூத்திரத்தை 1920இல் உலகிற்கு அளித்தவர் மேகநாத சாகா என்ற நம் நாட்டறிஞர். பிளாஸ்மா என்பது எங்கோ வெளிநாட்டு ஆய்வுக்கூடத்தில் மட்டுமே உள்ள அதிசயமன்று. மின்னல் பிளாஸ்மா. நம் தலைக்கு மேலே நூறு கிலோமீட்டர் உயரத்திலும் அதற்கு அப்பாலும் இருக்கும் அயனமண்டலம் மெல்லிய பிளாஸ்மா.

அந்த ஆகாயப் பிளாஸ்மாவை ஆராயும் இடம் சித்தூர்–திருப்பதிச் சாலையின் ஓரத்திலேயே இருக்கிறது. சுங்கச்சாவடி உள்ள காதங்கி என்னும் ஊரைப் பலர் அறிவார்கள். அங்கே குன்றுகள் சூழ்ந்த தாழ்நிலத்தில், விண்வெளித் துறையின் கீழ் இயங்கும் தேசிய வளிமண்டல ஆராய்ச்சிக்கூடம் அமைந்திருக்கிறது. பழைய தொலைக்காட்சிப் பெட்டிகளுக்காக மாடியில் நட்டிருந்த ஏரியல்களைப் போன்ற 1,024 ஏரியல்கள், 130 மீட்டர் நீளமும் அதே அகலமும் கொண்ட மைதானத்தில் வரிசையாக நிற்கின்றன. இவை சேர்ந்து ஒரு பெரிய ராடாராக இயங்குகின்றன. 53 மெகாஹெர்ட்ஸ் அதிர்வுடைய ரேடியோ அலைகளை மேலே அனுப்பி, திரும்பி வரும் மெல்லிய எதிரொலியைக் கொண்டு காற்றின் போக்கையும் அயனமண்டலத்தின் கலக்கத்தையும் அறிகிறார்கள். இது இணைவு ஆராய்ச்சி நிலையமன்று. ஆனால் இணைவு ஆராய்ச்சியாளர்களைப் பல ஆண்டுகள் வருத்திய எதிரிகளுள் ஒன்றை இங்கே ஆகாயத்தில் காணலாம்.

அந்த எதிரி யார்? எண்ணெயின்மேல் தண்ணீரை ஊற்றினால் என்ன ஆகிறது என்று நினைத்துப் பாருங்கள். கனத்த நீர் விரல் விரலாகக் கீழே இறங்க, இலேசான எண்ணெய் குமிழ் குமிழாக மேலே ஏறுகிறது. கனமானது மேலும் இலேசானது கீழும் இருக்கும் நிலை நிலைத்து நில்லாது. இதை ராலே–டெய்லர் நிலையின்மை என்பர். சூரியன் மறைந்தபின் அயனமண்டலத்தின் கீழ்ப்பகுதி விரைவில் மெலிந்துவிடுகிறது. அடர்ந்த பகுதி மேலே நிற்கிறது. அப்போது கீழிருந்து பிளாஸ்மாக் குமிழ்கள் எழுந்து மேலேறுகின்றன. செயற்கைக்கோள்களிலிருந்து வரும் சைகைகள் இவற்றால் நடுங்கிக் குலைகின்றன. காதங்கி ராடார் இக்குமிழ்களை ஆராய்ந்து வருகிறது. எரிபொருளைத் திடீரென அழுத்தி இணைவை உண்டாக்க முயலும் விஞ்ஞானிகளின் சோதனைகளையும் இதே நிலையின்மைதான் பலமுறை கெடுத்தது. பிளாஸ்மாவைச் சூடேற்றுவதைவிட, அது நெளியாமலும் கிழியாமலும் அடக்கிவைப்பதே பெரும்பாடு என்பதை இதனால் உணரலாம்.

அடக்கிவைக்க இரண்டு பெரிய வழிகள் ஆராயப்பட்டு வருகின்றன. முதலாவது காந்த வழி. பிளாஸ்மாவின் துகள்கள் மின்னேற்றம் உள்ளவை. ஆகவே காந்தப் புலத்தை விட்டு அவை எளிதில் விலகமாட்டா. நடுவில் துளையுள்ள மெதுவடையைப் போன்ற வடிவில் ஒரு வெற்றிடக் கலத்தைச் செய்து, அதைச் சுற்றிலும் வலிய காந்தச் சுருள்களை அமைத்தால், பிளாஸ்மா சுவரைத் தொடாமல் உள்ளேயே சுற்றிவரும். இக்கருவிக்கு டோக்கமாக் என்று பெயர். அது ரஷ்யச் சொல். 1968இல் மாஸ்கோ விஞ்ஞானிகள் தங்கள் டோக்கமாக்கில் கண்ட வெப்பத்தை அறிவித்தபோது மேல்நாட்டார் நம்பத் தயங்கினர். மறுவருடம் ஆங்கிலேய விஞ்ஞானிகள் தங்கள் கருவிகளுடன் அங்கேயே சென்று அளந்து, அது உண்மை என்று உறுதிசெய்தனர். அதன்பின் உலகெங்கும் டோக்கமாக்குகள் எழுந்தன.

இரண்டாவது லேசர் வழி. கடுகளவு உருண்டை ஒன்றில் எரிபொருளை வைத்து, நாற்புறமும் ஒரே கணத்தில் அழுத்தி நசுக்கினால், அது சிதறுவதற்கு முன்பே இணைவு நடந்துவிடும். அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் லிவர்மோர் என்னுமிடத்தில் 192 லேசர்க் கதிர்களைக் கொண்டு இம்முயற்சி நடைபெறுகிறது.

இரண்டு வழிகளுக்கும் எரிபொருள் ஒன்றே. ஹைட்ரஜனின் கனத்த வகைகளாகிய டியூட்டீரியமும் டிரிட்டியமும் இணைந்தால், ஹீலியமும் வேகமான ஒரு நியூட்ரானும் கிடைக்கின்றன. இக்கலவை ஒரு கிராம் முழுவதும் இணைந்தால் வெளிப்படும் வெப்பம், ஏறத்தாழ எட்டு டன் எண்ணெயை எரித்தால் கிடைக்கும் வெப்பத்திற்கு ஈடாகும். இந்த ஆசை காட்டும் கணக்கே எழுபது ஆண்டுகளாக மனிதனை இழுத்துச் செல்கிறது.

இனி, செய்தித்தாள்களில் வரும் வெற்றிகளுக்கு வருவோம். 2022 டிசம்பர் 5ஆம் நாள் லிவர்மோரில், 2.05 மெகாஜூல் லேசர்ச் சக்தியைச் செலுத்தியதற்கு 3.15 மெகாஜூல் இணைவுச் சக்தி வெளிவந்தது. செலுத்தியதைவிட அதிகமாகப் பெற்றது வரலாற்றில் அதுவே முதல்முறை. 2025 ஏப்ரலில் இவ்வரவு 8.6 மெகாஜூலாக உயர்ந்தது. மெய்யான வெற்றி இது, ஐயமில்லை. ஆனால் இக்கணக்கை மின்வாரியத்தின் யூனிட்டுகளில் மாற்றிப் பார்ப்போம். எரிபொருளை நோக்கிச் சென்ற லேசர் ஒளி சற்றேறக்குறைய அரை யூனிட். 2022இல் வெளிவந்த வெப்பம் ஒரு யூனிட்டுக்கும் குறைவு. அந்த லேசர்களை ஒருமுறை இயக்குவதற்கு மின்கம்பியிலிருந்து எடுத்த மின்சாரமோ ஏறத்தாழ 300 மெகாஜூல்; அதாவது 83 யூனிட். எரிபொருளின் வாசலில் நின்று பார்த்தால் இலாபம். மின்மீட்டரின் முன்னால் நின்று பார்த்தால் பெருநஷ்டம். இரண்டு கூற்றும் உண்மையே. எந்த வாசலில் நின்று கணக்குப் பார்த்தார்கள் என்பதைக் கேளாமல் செய்தியைப் படிப்பதனால்தான் மயக்கம் உண்டாகிறது.

காந்த வழியின் கணக்கையும் காண்போம். இங்கிலாந்தில் கல்ஹாம் என்னுமிடத்தில் இயங்கிய ஐரோப்பியக் கூட்டு டோக்கமாக்கில், 1997இல் 24 மெகாவாட் வெப்பத்தைப் பிளாஸ்மாவில் செலுத்தி, 16 மெகாவாட் இணைவு வெப்பம் பெற்றனர். அதாவது மூன்று பங்கு செலவுக்கு இரண்டு பங்கு வரவு. 2023 அக்டோபரில் அதே கருவி, ஒரு மில்லிகிராமில் ஐந்திலொரு பங்கு எரிபொருளைக் கொண்டு, சற்றேறக்குறைய ஐந்து வினாடிகளில் 69 மெகாஜூல் வெப்பத்தைத் தந்தது. அது 19 யூனிட். அதை அப்படியே மின்சாரமாக்க முடிந்திருந்தால், ஐந்து குதிரைச்சக்தி மோட்டார் ஒன்றை ஐந்து மணி நேரம் ஓட்டியிருக்கலாம். கண்ணுக்குத் தெரியாத தூசியளவு எரிபொருளுக்கு இது வியக்கத்தக்க வரவே. ஆனால் செலவு அதைவிட அதிகம். நாற்பது ஆண்டுகள் உழைத்த அக்கருவி 2023 டிசம்பரில் தன் பணியை முடித்துக்கொண்டது.

வேறு சில செய்திகள் நேரத்தைப் பற்றியவை. 2025 ஜனவரியில் சீனாவின் டோக்கமாக் ஒன்று பிளாஸ்மாவை 1,066 வினாடிகள் நிலைநிறுத்தியது. அடுத்த மாதமே பிரான்சு நாட்டின் கடாராஷ் என்னுமிடத்திலுள்ள கருவி 1,337 வினாடிகள், அதாவது 22 நிமிடங்கள், நிலைநிறுத்தியது. 'செயற்கைச் சூரியன்' என்று பத்திரிகைகள் போற்றுவது இத்தகைய கருவிகளையே. ஆனால் இவை பிளாஸ்மாவை நெடுநேரம் அடக்கிவைக்கக் கற்கும் கருவிகள். டிரிட்டியம் இட்டு இணைவுச் சக்தியை ஈட்டும் சோதனை இவற்றில் நடைபெறவில்லை. அடுப்பை அணையாமல் காக்கக் கற்பது ஒன்று. அதில் சோறு சமைப்பது வேறொன்று.

சோறு சமைத்துக் காட்டும் நோக்கத்துடன் எழுந்துவருவதே ஈட்டர் என்னும் பெருங்கருவி. அப்பெயருக்கு இலத்தீன் மொழியில் வழி என்று பொருள். ஐரோப்பிய ஒன்றியம், இந்தியா, சீனா, ஜப்பான், தென்கொரியா, ரஷ்யா, அமெரிக்கா ஆகியவை சேர்ந்து கடாராஷில் இதைக் கட்டுகின்றன. நம் நாடு 2005 டிசம்பரில் இத்திட்டத்தில் சேர்ந்தது. 2006 நவம்பரில் ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. 50 மெகாவாட் வெப்பத்தைப் பிளாஸ்மாவில் செலுத்தி 500 மெகாவாட் வெப்பம் பெறுவது ஈட்டரின் குறிக்கோள். இங்கும் வாசலை நினைவில் வைக்கவேண்டும். ஆலை முழுவதும் மின்கம்பியிலிருந்து எடுக்கும் மின்சாரம் அந்த 50 மெகாவாட்டைவிடப் பல மடங்கு அதிகம். ஈட்டர் மின்சாரம் தயாரிக்கவும் போவதில்லை. அது சோதனைச் சாலையே. 2025இல் முதல் பிளாஸ்மா உண்டாகும் என்று முன்பு கூறியிருந்தனர். பாகங்களில் கண்ட குறைகளாலும் பிற தாமதங்களாலும் அக்கால அட்டவணை மாறியது. 2024 ஜூலையில் அறிவித்த புதிய திட்டத்தின்படி, ஆராய்ச்சி 2034இலும், டியூட்டீரியமும் டிரிட்டியமும் சேர்ந்த முழு இணைவுச் சோதனை 2039இலும் தொடங்கும். அமெரிக்கா முதலிய நாடுகளில் தனியார் நிறுவனங்கள், புதிய வகை மீக்கடத்திக் காந்தங்களைக் கொண்டு இதைவிடச் சிறிய கருவிகளை விரைந்து செய்ய முயல்கின்றன. அவற்றின் சொல் செயலாவதைக் காலம் காட்டும்.

பிளாஸ்மா அடங்கிவிட்டால் தொல்லைகள் தீர்ந்துவிடுமா? இன்னும் இரண்டு பெருந்தடைகள் உள்ளன. ஒன்று எரிபொருள். டியூட்டீரியத்திற்குப் பஞ்சமில்லை. கடல்நீரிலுள்ள ஹைட்ரஜன் அணுக்களில் ஏறத்தாழ 6,400க்கு ஒன்று டியூட்டீரியம். அதனைக் கொண்ட கனநீரைத் தெலுங்கானாவின் மணுகூரு ஆலையில் நம்மவர் செய்து வருகின்றனர். ஆனால் டிரிட்டியம் இயற்கையில் கிடைப்பது அரிது. அது கதிரியக்கம் உள்ளது. சேமித்து வைத்தாலும் 12 ஆண்டுகளுக்குச் சற்று அதிகமான காலத்தில் பாதி அழிந்துவிடும். கனநீர் அணு உலைகளிலிருந்து எடுத்து உலகம் சேர்த்துவைத்திருப்பது சில பத்துக் கிலோகிராம்களே. 1,000 மெகாவாட் இணைவு வெப்பத்தை ஓராண்டு முழுவதும் உண்டாக்க ஏறத்தாழ 56 கிலோகிராம் வேண்டும். ஆகவே எதிர்கால உலை தனக்கு வேண்டிய டிரிட்டியத்தைத் தானே விளைவித்துக்கொள்ள வேண்டும். உலையின் சுவரில் லித்தியத்தை வைத்தால், வெளிவரும் நியூட்ரான்கள் அதைத் தாக்கி டிரிட்டியமாக்கும். விதைநெல்லை உண்டபின் அதே வயலில் விதைநெல்லை மீண்டும் விளைவிப்பது போன்ற வேலை இது. ஓர் உலை முழுவதற்கும் போதிய அளவில் இதை இதுவரை எவரும் செய்து காட்டவில்லை.

மற்றொன்று சுவர். இணைவில் பிறக்கும் சக்தியில் ஐந்தில் நான்கு பங்கை நியூட்ரான்களே சுமந்து செல்கின்றன. காந்தம் அவற்றைத் தடுக்காது. ஆண்டுக்கணக்கில் அவை தாக்கும்போது உலோகம் வீங்கும், நொறுங்கும், தானே கதிரியக்கமும் பெறும். இதைத் தாங்கும் எஃகை உருவாக்குவது தனி ஆராய்ச்சி. எனினும் பிளவு உலையோடு ஒப்பிட்டால் இணைவில் ஒரு பெரும் நன்மை உண்டு. எந்த நேரத்திலும் கலத்தினுள் சில கிராம் எரிபொருளே இருக்கும். ஏதேனும் கோளாறு நேர்ந்தால் பிளாஸ்மா தானே குளிர்ந்து அணைந்துவிடும். தொடர்விளைவு கட்டுமீறிப் போவதற்கு இடமில்லை.

நம் நாட்டின் பங்கையும் கூறவேண்டும். அகமதாபாத்தில் 1982இல் பிளாஸ்மா ஆராய்ச்சித் திட்டமாகத் தொடங்கிய முயற்சி, 1986இல் தனி நிறுவனமாகிக் காந்திநகர் அருகே வேரூன்றியது. அதன் முதல் இயக்குநர் பிரதிமான் கிருஷ்ண காவ். அங்கே நம்மவர் கட்டிய ஆதித்யா என்னும் டோக்கமாக் 1989இல் இயங்கத் தொடங்கியது. அடுத்து, மிகக் குளிர்ந்த நிலையில் மின்தடை முற்றும் நீங்கும் மீக்கடத்திச் சுருள்களைக் கொண்ட எஸ்.எஸ்.டி.-1 என்னும் கருவியில் 2013இல் முதல் பிளாஸ்மா உண்டாயிற்று. பிளாஸ்மாவை 1,000 வினாடிகள் நிலைநிறுத்துவது அதன் குறிக்கோள். அந்தத் தொலைவு இன்னும் நீண்டதாகவே இருக்கிறது. ஈட்டரின் கட்டுமானத்தில் நம் பங்கு ஏறத்தாழ 9 சதவீதம். அதிலும் பெரும்பகுதி பணமாகவன்றிப் பொருளாகவே தரப்படுகிறது. கருவி முழுவதையும் பிளாஸ்க்கைப் போலச் சூழ்ந்து காக்கும் 3,850 டன் எடையுள்ள எஃகுக் கலம் இந்தியா அளித்தது. குஜராத்தில் ஹசீராவிலுள்ள லார்சன் டூப்ரோ தொழிற்சாலையில் செய்த அதன் கடைசிப் பாகங்கள் 2020இல் கடல் வழியாக அனுப்பப்பட்டன. இவ்வளவு பெரிய கலத்தைத் துல்லியமாகச் செய்யக் கற்ற கைகள் நம் நாட்டிலேயே இருக்கின்றன என்பது சிறிய ஆதாயமன்று.

இனி அந்த விவசாயியின் கேள்விக்கு வருகிறேன். காதங்கிச் சுங்கச்சாவடியில் பேருந்து நின்றபோது அவரிடம் நான் சொன்னது இதுதான்: "இதற்காகக் காத்திருக்க வேண்டாம், ஐயா. சோலார் மோட்டாரை வைத்துவிடுங்கள். எல்லாம் திட்டப்படி நடந்தாலும், பெரும் சோதனை தொடங்குவதே 2039இல்தான். அதற்குப் பிறகே மின்சாரம் தரும் உலையைக் கட்டவேண்டும். அதற்கும் பிறகே அந்தக் கரண்டு நம் ஊர்க் கம்பிக்கு வரவேண்டும். உங்கள் மாமரங்கள் அதுவரை தண்ணீருக்குப் பொறுத்திருக்கமாட்டா."

அவர் சற்று நேரம் பேசாதிருந்தார். பிறகு, "அப்படியென்றால் இத்தனை பேர் இத்தனை பணத்தை வீணாகத்தான் கொட்டுகிறார்களா?" என்று கேட்டார். வீண் என்று நான் கருதவில்லை. அவர் கூரையில் பதிக்கப்போகும் தகடும் இணைவுச் சக்தியில்தான் இயங்கப்போகிறது. 15 கோடி கிலோமீட்டர் தொலைவில் எரியும் உலையிலிருந்து எட்டு நிமிடங்களில் வந்துசேரும் ஒளி அது. கர்நூலில் 1,000 மெகாவாட் சூரியப் பூங்கா அறுவடை செய்வதும் அதையே. ஆனால் இரவில் அது இல்லை, மழைக்காலத்தில் குறைகிறது. நிலக்கரியோ எரிக்க எரிக்கக் காற்றைக் கெடுக்கிறது. ஒருநாள் தீரவும் போகிறது. நம் பேரப்பிள்ளைகளுக்கு இரவிலும் எரியும், புகையில்லாத, தீராத அடுப்பு ஒன்று வேண்டுமானால், அதற்கான வேலையை இன்று எவரேனும் செய்துகொண்டிருக்கவேண்டும். மாங்கன்றை நடுபவர் அடுத்த மாதமே பழம் கேட்பதில்லை என்பதை அவருக்கு நான் எடுத்துச் சொல்லவேண்டியிருக்கவில்லை.

அவருடைய மகள் திருப்பதியில் இயற்பியல் படிக்கிறாளாம். அவளைப் பார்க்கத்தான் அவர் போய்க்கொண்டிருந்தார். ஆராய்ச்சிக்குப் போகிறேன் என்று அவள் சொல்வதாகவும், அதில் பிழைப்பு உண்டா என்று தமக்கு விளங்கவில்லை என்றும் கூறினார். பிளாஸ்மாவை அடக்கவும், டிரிட்டியத்தை விளைவிக்கவும், நியூட்ரான் தாங்கும் எஃகை ஆக்கவும் இன்னும் ஒரு தலைமுறைக்கு ஆள் தேவைப்படும் என்பதை மட்டும் அவருக்குச் சொன்னேன். தோட்டத்திற்குக் காத்திருக்க வேண்டாம். மகளைத் தடுக்கவும் வேண்டாம். இரண்டும் முரணல்ல.

நேயர்களுக்கும் என் வேண்டுகோள் அதுவே. இணைவைப் பற்றிய அடுத்த செய்தி வரும்போது மூன்று கேள்விகளைக் கேளுங்கள். வரவு செலவை எந்த வாசலில் நின்று எண்ணினார்கள்? எவ்வளவு நேரம் நடந்தது? எரிபொருள் எங்கிருந்து வந்தது? மூன்றிற்கும் நல்ல விடை கிடைக்கும் நாளில், ஜினீவாவில் பாபா சொன்ன வாக்கு பலித்தது என்று கொள்ளலாம். அதுவரை ஒவ்வொரு படியையும் அதன் உயரத்திற்கு மேல் புகழாமலும், அதற்குக் கீழ் இகழாமலும் இருப்பதே அறிவுடைமை.